ஆறிய என்ஜினும் ஐஸ்காரர் கன்னமும்

ஐஸ்காரர் ஐந்து மாதத்தில் பதினொரு பழைய வண்டி பார்த்தார். பதினொன்றையும் வேண்டாம் என்றார். சொந்த வீடு வாங்குகிறவன்கூட இத்தனை வாசல் ஏறி இறங்கமாட்டான். ஒன்றில் ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. ஒன்றில் சரக்கு ஏற்றும் தொட்டியின் அடிப்பாகத்தைத் துரு தின்றிருந்தது. ஒன்றில் எல்லாமே சரியாக இருந்தது, ஆனால் விற்கிறவன் அளவுக்கு மீறிச் சிரித்தான். இதைப் பொறுமை என்பதா வியாதி என்பதா என்பது சொல்கிறவர் அவருக்கு எவ்வளவு வேண்டியவர் என்பதைப் பொறுத்தது. அவர் மனைவி வீட்டில் வியாதி என்றுதான் சொன்னார்கள்.

ஆனால் அவர் தொழில் அப்படி. இருபத்திரண்டு வருஷமாக விடியுமுன் எழுந்து, ஐஸ் தொழிற்சாலைக்குப் போய், ஐம்பது கிலோ பாளமாக இருபது பாளம் ஏற்றி, ஆறரை மணிக்குள் மீன் சந்தையில் இறக்கவேண்டும். ஆறரைக்கு மீன் பெட்டிகளைக் கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். அதற்குப் பிறகு வருகிற ஐஸை வழியில் போகிறவன்கூடத் திரும்பிப் பார்க்கமாட்டான். அவருடைய பழைய வண்டியோ அந்த வருஷம் இரண்டு தடவை நடுவழியில் படுத்துக்கொண்டது. சந்தை மேலாளர் நல்ல மனிதர், அதனால் நல்லபடியாகவே சொன்னார்: "அண்ணே, மூணாவது தடவையும் இப்படி ஆச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவோம். கோவிச்சுக்காதீங்க. மீன் காத்திருக்காது." ஐஸ்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த மாத முடிவுக்குள் நல்லதாக ஒரு டீசல் வண்டி வாங்கியாகவேண்டும் என்று மட்டும் முடிவு செய்தார்.

பழைய டீசல் வண்டி பார்க்கப் போகிறவர்கள் முதலில் டயரை உதைப்பார்கள். ஏன் உதைக்கிறோம் என்று அவர்களுக்கே தெரியாது. ஐஸ்காரர் உதைக்கமாட்டார். நேரே முன்பக்கம் போய்க் குனிந்து, பானட்டின் மேல் கன்னத்தை வைப்பார். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். காரணம் இருக்கிறது. டீசல் என்ஜினுக்கு என்ன நோய் இருந்தாலும் அது ஆறிக் கிடக்கும்போதுதான் வெளியே வரும். சூடாக இருந்தால் சாகக்கிடக்கிற என்ஜின்கூட ஒரே சாவியில் கிளம்பிவிடும். விற்கிறவனுக்கும் இது தெரியும். அதனால் நீங்கள் வருவதற்கு அரை மணி முன்னால் வண்டியை ஓட்டிச் சூடாக்கி, ஒன்றும் அறியாத பிள்ளைபோல் கொண்டுவந்து நிறுத்திவைப்பான். பானட் சுட்டால் திருட்டு இருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாரும் கையை வைத்துப் பார்ப்பார்களே, இவர் ஏன் கன்னத்தை வைக்கிறார் என்றால், அவருடைய உள்ளங்கை இருபத்திரண்டு வருஷம் ஐஸைத் தூக்கித் தூக்கி மரத்துப்போய்விட்டது. கொதிக்கிற டீ டம்ளரை அடியோடு பிடித்துத் தூக்குவார். பார்க்கிறவர்களுக்குத்தான் சுடும்.

இதுவரை சொன்னது தொழில். இனிமேல் வருவது வயிற்றெரிச்சல்.

ஐஸ்காரரின் மனைவிக்கு ஒரு தங்கை. தங்கையின் கணவர், அதாவது ஐஸ்காரரின் சகலை, கடைகளுக்கும் அலுவலகங்களுக்கும் தண்ணீர் கேன் போடுகிறவர். ஐஸ்காரரைவிட எட்டு வயது இளையவர், எட்டு மடங்கு பேசுவார். நான்கு மாதத்துக்கு முன்னால் அவர் ஒரு நாள் காலையில் ஒரு வெள்ளை டீசல் பிக்கப்பைப் பார்த்தார். சாயங்காலம் அதை ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பழைய வண்டிதான், ஆனால் பளபளவென்று இருந்தது. அன்றிலிருந்து ஐஸ்காரர் வீட்டில் சோறு போடும்போது மூன்று தடவையாவது சகலையின் பேச்சு வந்தது. அவர் எண்ணியிருக்கிறார்.

"ஒரே நாள்ல முடிச்சிட்டாருங்க" என்பாள் மனைவி. குத்திக்காட்டவேண்டும் என்று சொல்லமாட்டாள். மழை பெய்கிறது என்பதுபோல்தான் சொல்வாள். அது இன்னும் மோசமாக இருந்தது.

"அவரு போடுறது தண்ணி. தண்ணி வண்டி வழியில நின்னா தண்ணி தண்ணியாவே இருக்கும். ஐஸ் வண்டி நின்னா ஐஸும் தண்ணியாயிடும். வித்தியாசம் இருக்குல்ல."

"இருக்குங்க. நான் இல்லன்னா சொன்னேன்."

ஆனால் பொறாமைக்கு வித்தியாசமெல்லாம் புரியாது. சகலையின் வண்டியில் எதைப் பார்த்தாலும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமியார் வீட்டுக்கு வந்தால் சகலை வண்டியை அணைப்பதே இல்லை. வாசலில் அது இரைந்துகொண்டே நிற்கும். உள்ளே வந்து பத்து நிமிஷம் பேசுவார், அரை டம்ளர் டீ குடிப்பார், உட்காராமலே கிளம்பிவிடுவார். "பாவம், உக்காரக்கூட நேரமில்ல புள்ளைக்கு. அவ்வளவு ஓட்டம்" என்று மாமியார் வாசல்வரை போய் அனுப்பிவைப்பார். மூன்று மணி நேரம் உட்கார்ந்து சாப்பிட்டுத் தூங்கி எழுந்திருக்கிற மூத்த மாப்பிள்ளையை யாரும் வாசல்வரை அனுப்பவில்லை. டீசலை இப்படி ஊற்றி எரிக்கிறானே, என்ன திமிர் என்று ஐஸ்காரர் பல்லைக் கடித்துக்கொள்வார். வண்டியைத் தன் வீட்டு வாசலில் நிறுத்தாமல், இரண்டு தெரு தள்ளி ஒரு மேட்டுத் தெருவில் கொண்டுபோய் நிறுத்துகிறாராம் சகலை. அங்கே நிழல் இருக்கிறதாம். வண்டிக்கு நிழல் கேட்கிற பெரிய மனுஷன்.

பன்னிரண்டாவது வண்டியை டீசல் அக்கா காட்டினார். டீசல் பம்பு பழுது பார்க்கிற பட்டறையைப் பதினைந்து வருஷமாகத் தனியாக நடத்துகிற பெண்மணி. அவர் ஒரு என்ஜினை நல்லது என்றால் அது நல்லதுதான். பச்சை நிற வண்டி, ஆடு ஏற்றிக்கொண்டிருந்தது. இரண்டு கதவும் நசுங்கியிருந்தன. கிட்டே போனாலே ஆட்டு மொச்சை நாற்றம் ஆளைத் தூக்கியது.

"தம்பி, பாக்க நல்லா இருக்காது" என்றார் அக்கா. "ஆனா பம்ப என் கையால பிரிச்சு மாட்டியிருக்கேன். பில்லெல்லாம் வெச்சிருக்கான். இதே மாடல் வண்டி மத்த இடத்துல மூணு லட்சத்துப் பத்துக்குக் கிடைக்கும். இவன் மூணு நாப்பது கேக்குறான். குடுக்கலாம்."

ஐஸ்காரர் குனிந்து கன்னத்தை வைத்தார். பானட் கிணற்றுக் கல்லைப்போல் சில்லென்று இருந்தது. சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே கிளம்பியது. பின்னால் போய்ப் புகையைப் பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார், எண்ணெய்க் குச்சியை உருவி விரலில் தேய்த்து முகர்ந்து பார்த்தார். அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் ஆறவைத்து மறுபடி கிளப்பினார். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஆட்டுக்காரர் பாதியில் ஓர் ஓரமாகப் போய்த் தூங்கிவிட்டார். ஐஸ்காரருக்குக் குறை எதுவும் கிடைக்கவில்லை. ஐந்து மாதத்தில் முதல் தடவையாகக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

முப்பதாயிரம் கூடுதல். அவர் மனக்கணக்குப் போட்டார். நாலு நாள் சுமை கரைந்தாலே அந்த முப்பதாயிரம் கரைந்துவிடும், சந்தையும் கையைவிட்டுப் போய்விடும். "திங்கக்கிழமை முன்பணத்தோட வரேன்க்கா" என்றார். மனதார, உண்மையாகத்தான் சொன்னார்.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை வந்து கெடுத்தது.

மாமியார் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தார்கள். சகலையின் வெள்ளை வண்டி வழக்கம்போல் வாசலில் இரைந்துகொண்டிருந்தது. நல்ல வண்டி கிடைத்த தெம்பில் இருந்தார் ஐஸ்காரர். பெருந்தன்மையாக நடந்துகொள்ளலாம் என்று தோன்றியது. வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, "ஒரு நிமிஷம் அணைங்க சகல. ஆறினப்புறம் எப்படிக் கிளம்புதுன்னு பாத்துச் சொல்றேன்" என்றார்.

சகலை வாசலிலிருந்து ஓடிவந்தார். வாய் நிறையச் சிரிப்பு. "ஐயையோ, வேணாம் சகல. பதினோரு வண்டிக்கு முத்தம் குடுத்துப் பாத்தீங்க, ஒண்ணுகூட உங்களுக்கு மசியல. என் வண்டியாவது எங்கிட்டயே இருக்கட்டும், விட்டுடுங்க."

வாசலில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கொழுந்தியாள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மனைவியும் சிரித்தாள், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. சமாளிப்பதற்காக, "பன்னெண்டாவது அமைஞ்சிருச்சு. பச்ச வண்டி. ஆடு ஏத்திக்கிட்டிருந்தது" என்றார். சொல்லியிருக்கக் கூடாது. "அப்ப முத்தம் குடுத்தா ஆடு மூஞ்சியில முட்டுமே" என்றார் சகலை. அதற்கப்புறம் சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. அதற்குள் சகலை டீயைக் குடித்துவிட்டு உட்காராமலே போயும்விட்டார்.

ஐஸ்காரர் அன்றைக்கு மாமியார் வீட்டில் சாப்பிட்டது எதுவும் அவருக்கு ருசிக்கவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷமாக இந்தக் குடும்பத்தில் மூத்த மாப்பிள்ளை தான்தான். வண்டியைப் பற்றி அடிப்படைகூடத் தெரியாத ஒருவன், நாலு மாதத்தில், அணைக்காமலே இரையவிடுகிற ஒரு வண்டியை வைத்துக்கொண்டு, தன்னை வாசலில் நிற்கவைத்துக் கோமாளி ஆக்கிவிட்டான் என்று பொருமினார். பச்சை வண்டியில் மனைவியை உட்காரவைத்து அந்த வாசலில் போய் இறங்குவதை நினைத்துப் பார்த்தார். நினைக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவருக்கு ஒரு தரகர் ஃபோன் செய்தார். ஒரு வெள்ளை வண்டி வந்திருக்கிறது என்றார். எந்தக் கம்பெனி என்று கேட்டார் ஐஸ்காரர். சகலையின் வண்டிக் கம்பெனியேதான். எந்த வருஷம் என்று கேட்டார். சகலையின் வண்டியைவிட ஒரு வருஷம் புதுசு. விலை மூன்று பத்து. அதற்குமேல் அவர் எதையும் கேட்கவில்லை. மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார்.

தரகரின் கொட்டகைக்குள் வண்டி நிழலில் நின்றது. பார்த்த உடனே அவருக்கு அது வேண்டும் என்று ஆகிவிட்டது. முன்னால் போனார், பழக்கத்தில் குனிந்தார். கன்னம் பானட்டைத் தொட அரை சாண் இருந்தபோது பின்னால் மனைவி நிற்பது நினைவுக்கு வந்தது. அவள் சிரிக்கவில்லை. சிரிக்கப்போகிறாள் என்று அவருக்குத் தோன்றியது. தரகரும் அவருடைய ஆட்கள் இரண்டு பேரும் டீ டம்ளரோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐஸ்காரர் நிமிர்ந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மற்றவர்கள் எல்லாரும் செய்வதுபோல் உள்ளங்கையை வைத்தார்.

சில்லென்றுதான் இருந்தது. அந்தக் கைக்கு எதுதான் சில்லென்று இருக்கவில்லை. சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் கிளம்பியது. அவருக்குச் சந்தோஷம் தலைக்கேறியது.

"என்னங்க, அக்காகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமா?" என்றாள் மனைவி.

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தா எப்ப வாங்குறது? சிலரு ஒரே நாள்ல முடிக்கலையா?"

அன்று மத்தியானம் அக்காவே கூப்பிட்டபோது, வேறு வண்டி முடிந்துவிட்டது என்று ஐஸ்காரர் மென்று முழுங்கிச் சொன்னார்.

"சரி தம்பி. அப்ப பச்சைய வேற யாருக்காவது காட்டட்டா?"

"காட்டுங்கக்கா, தாராளமா."

பழைய வண்டியைத் தரகரே எடுத்துக்கொண்டார், வெள்ளை வண்டி வீட்டுக்கு வந்தது. சாயங்காலம் அதை ஓட்டிக்கொண்டு சகலையின் தெரு வழியாக இரண்டு தடவை போனார். வேலை எதுவும் இல்லை, சும்மாதான் போனார். கொழுந்தியாள் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "புதுசு மாதிரி இருக்குதே மாமா" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் முப்பதாயிரமும் லாபம் என்று அவருக்குப் பட்டது. அன்றைக்கு ராத்திரி நிம்மதியாகத் தூங்கினார். அந்த வண்டியால் கிடைத்த நிம்மதி அவ்வளவுதான்.

மறுநாள் விடியுமுன் சாவியைத் திருப்பினார். வண்டி இருமியது. மறுபடி திருப்பினார், மறுபடி இருமியது. எட்டு நிமிஷம் இழுத்த பிறகு தெருவையே மறைக்கிற அளவுக்கு வெள்ளைப் புகையைக் கக்கிவிட்டுக் கிளம்பியது. அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததை நெஞ்சுக்குள் விடாமல், குளிர் என்று சொல்லிக்கொண்டார். தொழிற்சாலையில் முன்னால் மூன்று வண்டி நின்றது. எத்தனை நேரம் ஆகும் என்று தெரியாமல் அணைத்துவிட்டு இறங்கினார். அது இன்னொரு தப்பு. ஈரத் தரையும் ஐஸின் குளிரும் சேர்ந்து, ஏற்றி முடிப்பதற்குள் என்ஜின் விறைத்துப்போனது.

இருபது பாளமும் ஏற்றி, சாக்குப் போட்டு மூடி, தார்ப்பாய் கட்டி, ஐந்து இருபதுக்குச் சாவியைத் திருப்பினார். இருமியது. திருப்பத் திருப்ப இருமலும் மெலிந்தது. ஐந்தரைக்குப் பேட்டரியும் கைவிட்டது. மற்ற வண்டிகள் எல்லாம் போய்விட்டன.

காவலாளி வந்து எட்டிப் பார்த்தார். "யாராவது வண்டி வெச்சிருந்தா கூப்பிடுங்கண்ணே."

"யாரும் இல்ல" என்றார் ஐஸ்காரர்.

பின்பலகையின் இடுக்கு வழியாக முதல் சொட்டு விழுந்தது. பிறகு அடுத்தது. ஐஸ் கரைவதை அவர் இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்திருக்கிறார், ஆனால் இப்படி நின்று பார்த்ததில்லை. சந்தைக்கு இருபது நிமிஷப் பயணம். மேலாளரின் மூணாவது தடவை இதுதான். ஐம்பது வயதை நெருங்கும் காலத்தில் இன்னொரு தொழில் யார் கொடுப்பார்கள்? ஒரே ஒரு ஃபோன் போட்டால் போதும். அந்தப் பேர் அவருடைய ஃபோனில் இருந்தது. கட்டைவிரலை அதன் மேல் வைத்தார், எடுத்தார். ஐஸ் கரைந்தால் கரையட்டும், அவன் முகத்தில் விழிப்பதற்கு அதுவே மேல் என்று ஒரு நிமிஷம் உண்மையாகவே நினைத்தார். சொட்டு இப்போது கோடாக ஒழுகியது. பன்னிரண்டு நிமிஷம் அப்படியே நின்றார். ஐந்து நாற்பத்திரண்டுக்கு அழைத்தார்.

"சகல" என்றார்.

"எங்க இருக்கீங்க?" என்றார் சகலை. "அங்கயே இருங்க, வரேன்."

பன்னிரண்டே நிமிஷத்தில் வந்தார். கேலி எதுவும் பேசவில்லை. வண்டியைப் பின்பக்கமாக எடுத்து, இரண்டு வண்டியின் வாலும் முட்டும்படி நிறுத்தினார். என்ஜின் இரைந்துகொண்டே இருந்தது. அவரும் ஐஸ்காரரும் காவலாளியும் கொக்கி போட்டு ஒவ்வொரு பாளமாக இழுத்துத் தள்ளினார்கள். சகலைக்கு ஐஸ் பழக்கமில்லை. இரண்டு தடவை வழுக்கி விழுந்து எழுந்தார். உள்ளங்கை சிவந்து வீங்கியது.

"அணைங்க சகல, டீசல் வீணாகுது" என்றார் ஐஸ்காரர். சகலை காதில் விழாத மாதிரி அடுத்த பாளத்தில் கொக்கியைப் போட்டார். ஐஸ்காரர் மறுபடி சொன்னார். சகலை திரும்பிப் பார்க்காமல் பாளத்தை இழுத்தார். இந்த நேரத்திலும் பகட்டா என்று ஐஸ்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. கடைசிப் பாளத்தைத் தள்ளியதும் தானே போய் அணைக்கலாம் என்று சாவியில் கையை வைத்தார். சகலை பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"வேணாம் சகல. அணைச்சா கிளம்பாது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஏறுங்க, நேரமாகுது" என்றார் சகலை.

வழியில் அவரே சொன்னார், முகத்தைச் சாலையைவிட்டுத் திருப்பாமல். "வாங்கின மறுநாளே தெரிஞ்சுபோச்சு. கொஞ்சம் ஆறினாலே எழுந்திரிக்காது. அதான் மேட்டுத் தெருவுல நிறுத்துறேன், காலைல உருட்டிவிட்டுக் கிளப்புறதுக்கு. அத்த வீட்டுத் தெரு சமமா இருக்குல்ல, அங்க அணைக்க முடியாது. உக்காந்து ஒரு வேள சோறு தின்ன நாலு மாசமாச்சு."

ஐஸ்காரருக்குள் நாலு மாதமாக எரிந்த அடுப்பில் யாரோ ஒரு குடம் தண்ணீரை ஊற்றினார்கள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வாசல்வரை போய் அனுப்பிவைத்த மாமியாரை நினைத்தார். இரைந்துகொண்டே நின்ற வண்டியை நினைத்தார். இவ்வளவு சுகமான காலையை அவர் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"அன்னைக்கு உங்கள அப்படிக் கேலி பண்ணினது தப்பு சகல" என்று தொடர்ந்தார் சகலை. "நீங்க அணைங்கன்னதும் எனக்கு உசுரே போயிடுச்சு. எல்லாருக்கும் முன்னாடி என் குட்டு உடைஞ்சிடுமேன்னு வாயில வந்ததச் சொல்லிட்டேன்."

சிரிப்பு நின்றது. அந்தக் கேலிக்காகத்தானே தான் கன்னத்தை வைக்காமல் விட்டோம் என்று ஐஸ்காரருக்கு உறைத்தது. அதைச் சொல்ல வாயெடுத்தார். சொன்னால் தன் குட்டும் உடையும். வாயை மூடிக்கொண்டார்.

ஆறு இருபத்தெட்டுக்குச் சந்தைக்குள் நுழைந்தார்கள். மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார், மூலை மழுங்கிய பாளங்களைப் பார்த்தார், சகலையின் வண்டியைப் பார்த்தார். "சரி, இறக்குங்க" என்றார். ஐஸ்காரர் கொக்கியை எடுத்தார். அவர் பிழைப்பு இரண்டு நிமிஷத்தில் தப்பியது. அந்த இரண்டு நிமிஷமும் சகலை கொடுத்தது.

திரும்பும்போது நன்றி சொல்லிவிடலாம் என்று மனதுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தார். அதற்குள் சகலை பேசினார்.

"இந்தக் கழுதைய இன்னும் நாலு நாள் ஓட்டினாப் போதும். வர்ற சனிக்கிழம வேற வண்டி வருது. நேத்து சாயங்காலம்தான் முன்பணம் குடுத்தேன். உங்களுக்குத் தெரிஞ்ச வண்டிதான்."

"எனக்குத் தெரிஞ்சதா?"

"அந்தப் பச்ச வண்டி. டீசல் அக்காகிட்ட நானும் சொல்லி வெச்சிருந்தேன். நீங்க வேற வாங்கிட்டீங்கன்னு கூப்பிட்டாங்க. ஐஸ்காரரு ரெண்டர மணி நேரம் பாத்து ஒரு குறையும் சொல்லாத வண்டின்னாங்க. நான் போய்ப் பாக்கக்கூட இல்ல சகல. உங்க கன்னம் பாத்ததுக்கு மேல நான் என்ன பாத்துடப் போறேன்? வாசன அடிச்சா அடிச்சுட்டுப் போகுது, கழுவினாப் போயிடும்."

எத்தனையோ வருஷமாக அந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவர் வாயிலிருந்து கேட்கவேண்டும் என்று ஐஸ்காரர் ஏங்கிய வார்த்தை அது. முழுசாக, மனதார, அவர் காதுக்குள் விழுந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

அவருடைய வெள்ளை வண்டியை டீசல் அக்காவின் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். "கெட்டி எண்ணெய ஊத்திச் சத்தத்த அமுக்கியிருக்கான்" என்றார் அக்கா. "ரிங்கு, பம்பு, ரெண்டுமே போச்சு. அறுபதாயிரம் ஆகும். மூணு வாரம் விடுங்க." பிறகு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "பானட்டத் தொட்டுப் பாக்கலையா தம்பி?" என்று கேட்டார்.

"தொட்டுப் பாத்தேன்க்கா" என்றார் அவர். கையால் என்பதைச் சொல்லவில்லை.

அந்த மூன்று வாரமும் ஐஸ் என்ன ஆவது என்ற கேள்விக்குச் சகலையே வழி சொன்னார். தண்ணீர் கேன் போடுவது ஏழு மணிக்கு மேல்தான். அதற்கு முன்னால் வண்டி சும்மாதானே நிற்கிறது. வேண்டாம் என்று சொல்ல ஐஸ்காரருக்கு வழியில்லை. மனைவி மட்டும் அன்றைக்கு ராத்திரி, "அன்னைக்கு நான் சிரிச்சிருக்கக் கூடாது" என்றாள். அந்த வாரம் சோறு போடும்போது சகலையின் பேச்சு ஒரு தடவைகூட வரவில்லை. அவர் எண்ணியிருக்கிறார்.

திங்கட்கிழமை விடியுமுன் சகலையின் வீட்டுக்குப் போனார். பச்சை வண்டி மேட்டுத் தெருவில் இல்லை. வீட்டு வாசலிலேயே, சமதரையில், ராத்திரி முழுக்கப் பனியில் நின்றிருந்தது. நான்கு தடவை கழுவியும் மொச்சை போகவில்லை. சகலை கையில் சாவியோடு படியிறங்கி வந்தார். சனி, ஞாயிறெல்லாம் மாமியார் வீட்டில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்ட தெளிவு முகத்தில் இருந்தது.

"நீங்களே ஒரு தடவ பாத்துச் சொல்லிடுங்க சகல. அப்பதான் எனக்கு நிம்மதி."

கொழுந்தியாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஐஸ்காரர் முன்னால் போனார், குனிந்தார், கண்ணை மூடி, பானட்டின் மேல் கன்னத்தை வைத்தார். ஐஸ் பாளத்தின் மேல் வைத்ததுபோல் இருந்தது.

"நல்லா ஆறியிருக்கு" என்றார். "கிளப்புங்க."

சகலை ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. இருமல் இல்லை, புகை இல்லை. ஐஸ்காரர் கன்னத்தை எடுக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கேட்டதிலேயே நல்ல என்ஜின் சத்தம் அதுதான். வயிறு பற்றி எரிந்தது.

"ஏறுங்க சகல, நேரமாகுது" என்றார் சகலை. ஐஸ்காரர் சுற்றிக்கொண்டு போய், நசுங்கிய கதவைத் திறந்து, பக்கத்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.